அந்திக்குள் செலவாக வேண்டிய ஐந்து சொற்கள்

கல்விப் பற்று பெருங்குணம். பசித்தவன் சோற்றைத் தேடுவது போல் சொல்லைத் தேடுகிறவனைக் கண்டால் கலைமகளே சற்று நகர்ந்து தன் தாமரையில் இடம் தருவாள். அக்குணம் முற்றிப்போய், காலையில் கற்ற சொல்லைப் பொழுது சாய்வதற்குள் எவர் தலையிலேனும் இறக்கியே தீருகின்ற மாந்தர் இனம் ஒன்று உண்டு, வாசகரே. அவ்வினத்தின் தலைமகன் ஆவடிக் குடியிருப்பில் வாழ்ந்த கஜபதி.

தொழிற்சாலைக் கிடங்கில் அவர் எழுத்தர். தம் ஆங்கிலம் முழுவதையும் முதலாம் எலிசபெத் அரசி காலத்து நகைச்சுவை நாடகம் ஒன்றிலிருந்தே கறந்தவர். விடியலில் நீராடி, நீறணிந்து, அந்நூலுக்கும் ஒரு பூச் சாத்தி, நாளுக்கு ஐந்து சொல்லை எழுத்துக்கூட்டி இருபத்தொரு முறை உருவேற்றுவார். அவரிடம் பயின்ற தெருப் பிள்ளைகள் நானூறு ஆண்டுப் பழைய எழுத்துக்கூட்டல்களைத் தேர்வுத்தாளில் வாரியிறைத்து முட்டை வாங்கினர். மீன் விற்கும் முத்தம்மாளை அவர் ஆங்கிலத்தில் 'மாசற்ற கன்னியே' என்று விளித்தார். கன்னிக்குப் பேரக்குழந்தைகள் ஐவர். தடுத்தவர் யார்? குடியிருப்பில் எவருக்கு மனு வேண்டினும் அவர் கைதானே எழுதிற்று!

எண்பத்தேழாம் ஆண்டு, பற்றவைப்புத் தொழிலாளி ஷவுகத் அலி வந்தார். பத்தாம் நாள் பூந்தமல்லியில் மகளுக்கு நிக்காஹ். பன்னிரண்டு நாள் விடுப்பு வேண்டும்.

"அண்ணாத்தே, ரெண்டு வரி எழுதினா போதும்."

"பொண்ணு கல்யாணத்துக்கு ரெண்டு வரியா? மானம் போயிடும்யா!"

அன்றைய பாடம் புயல், கப்பற்சேதம், மாறுவேடம், மணமகள், கல்லறை. ஐந்தும் செலவாக வேண்டுமே! நான்கு பக்கம் நிறைந்தது. ஷவுகத் அலி நம்பிக் கையொப்பமிட்டுக் கொடுத்துவிட்டு, பந்தற்காரரைப் பார்க்கக் குமணன்சாவடி சென்றார்.

மனுவைப் படித்த பிரிவு அதிகாரி ஜெயராமனுக்குப் புயல் விளங்கிற்று. கப்பல் உடைந்தது விளங்கிற்று. மணமகளும் கல்லறையும் விளங்கின. இடைப்பட்டவை விளங்கவில்லை. விளங்கவில்லை என்று ஒப்புவது அதிகாரிக்கு அழகா? கண் கலங்கினார். துக்க விடுப்பு மூன்று நாள், அன்றே தொடங்குக என்று ஆணை பிறந்தது. மாலையில் தொழிற்சங்கத்தார் நால்வருடன் மலர்வளையம் ஏந்தி ஷவுகத் அலி வீட்டுக்கு அவரே வந்தார்.

அழைப்பிதழ்களுக்கு முகவரி எழுதிக்கொண்டிருந்த ஷவுகத் அலியின் மனைவி லத்தீஃபா திடுக்கிட்டு எழுந்தார்.

"இன்னா சார் இது? நிக்காஹ் ஊட்டுக்கு மலர்வளையமா? எம்பொண்ணு உள்ள மருதாணி வெச்சிகினு கீது!"

"உயிரோடயா?" என்றார் ஜெயராமன்.

செய்தி கேட்டு ஓடிவந்த கஜபதி ஆறுதல் சொன்னார்: "பயப்படாதம்மா. மூணாம் அங்கத்துல முழுகினவங்க அஞ்சாம் அங்கத்துல கரையேறி வந்து கல்யாணம் கட்டிக்குவாங்க. அதான் முறை."

"அதுவரைக்கும் மாப்ள ஊட்டுக்காரங்க சும்மா இருப்பாங்களா அண்ணே? மூணு நாள் லீவும் இப்பவே தீந்துட்டா, நிக்காஹ் அன்னிக்கு இவரு பட்டறையில நெருப்பு ஊதுவாரா?" என்ற லத்தீஃபா, அதிகாரியிடம் திரும்பினார். "சார், பத்தாம் நாள் பொண்ணுக்கு நிக்காஹ். பன்னெண்டு நாள் லீவு கொடுங்க. அவ்ளோதான்."

ஜெயராமன் மலர்வளையத்தில் தொங்கிய இரங்கல் அட்டையைப் பிய்த்து, அதன் பின்புறத்திலேயே பன்னிரண்டு நாள் விடுப்பு எழுதிக் கையொப்பமிட்டார்.

இத்துடன் கஜபதி ஒடுங்கினார் என்றா எண்ணுகிறீர்? மறுநாள் அவர் வாயிலில் வரிசை நின்றது. "ஒரே லெட்டருதான் மாமே! பன்னெண்டு கேட்டா, துக்க லீவு மூணும் சேத்து பதினஞ்சு!" என்றது ஊர். கஜபதி அடக்கத்தோடு மையூற்றினார்.

சிரிக்கிறீர் வாசகரே. இன்று காலை கற்ற சொல் ஒன்று உம் நாநுனியில் அரிக்கவில்லையா? அவசரமாகச் செல்லும் பால்காரரை நிறுத்தி வெண்பா ஓதிய நாள் உமக்கு இல்லையா? போகட்டும். அத்தகையார் மனையெல்லாம் பொலிக, அடுப்பு அணையாதிருக்க, நோய் அணுகாதிருக்க, அம்மனைகளில் வாழும் பொறுமைசாலிகள் உப்புக் கேட்கும் நாளில், இறையருளால், அவர்களுக்கு வெண்பா அல்லாமல் உப்பே கிடைப்பதாக!