மச்சான் வீட்டுக் கெளுத்தி

“தெரியுதா?” என்று மனைவி கிசுகிசுத்தாள்.

“இல்லையே” என்று மைக்செட்காரரும் கிசுகிசுத்தார். எதிர்வீட்டு நாய் குரைக்க ஆரம்பித்தது.

அவருடைய கிசுகிசுப்பு அப்படி. ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறவர். கரண்ட் போனாலும் இவர் இருந்தால் கூட்டம் நிற்காது என்பார்கள். அப்பேர்ப்பட்ட மனிதரை மச்சான் வீட்டுக் கூடத்தில், விளக்கை அணைத்து, மீன்தொட்டி முன்னால் மூச்சுவிடாமல் உட்காரச் சொன்னால் அவர்தான் என்ன செய்வார், பாவம்!

மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், ஆடிட்டர். ஒரு கூட்டத்தில் மைக் ஓடிக்கொண்டிருப்பது தெரியாமல், “என் மச்சான் வடிகட்டின கஞ்சன்” என்று இவர் யாரிடமோ சொல்லப்போக, தெருவே கேட்டது. மச்சானும் அதே தெருவில்தான் நின்றிருந்தார். அன்றோடு அண்ணன் தங்கைக்குள் பேச்சுவார்த்தை அற்றுப்போனது. இப்போதுதான் மனம் இறங்கி, வெளியூர் போகும்போது வீட்டுச் சாவியையும் மீன்தொட்டியையும் ஒப்படைத்திருந்தார்.

“மத்த மீனெல்லாம் தானா இருக்கும் மாப்பிள்ளை. இந்தக் கல்லுப் பொந்துல ஒரு கெளுத்தி இருக்கு. அது என் உசுரு. பகல்ல தலையே காட்டாது. ராத்திரி லைட்டை அணைச்சுட்டு, சத்தமில்லாம, இந்தச் சிவப்பு டார்ச்சை வச்சுப் பாக்கணும். சிவப்புன்னா அதுக்கு உறுத்தாது. நான் கண்ணசந்த நேரமாப் பாத்துத்தான் வரும். என் சம்சாரம் இவதான் பாத்துச் சொல்லுவா.”

“தினமும் பாக்கணும்னு இல்லண்ணே” என்றாள் ஆடிட்டரின் மனைவி அவசரமாக.

“பாக்காம? நான் தினமும் போன் பண்ணுவேன்!” என்றிருந்தார் ஆடிட்டர்.

அந்தப் போன்தான் இப்போது இருட்டில் அலறியது.

“கெளுத்தி வந்துச்சா?”

“வந்துச்சு மச்சான்!” வாய் முந்திக்கொண்டது.

“மீசை எப்படி இருக்கு?”

“முறுக்கி விட்டிருக்கு!”

“அடடே! ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்களேன்.”

“கேமரா வெளிச்சம் அதுக்கு ஆகாதே மச்சான்!”

“பாத்தியா, எவ்வளவு அக்கறைன்னு!” என்று அந்தப் பக்கம் ஆடிட்டர் தன் மனைவியிடம் பூரித்துப்போனார்.

சொன்ன பொய்யை மெய்யாக்கியாக வேண்டும். மறுநாள் ராத்திரி கறுப்புப் போர்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு உட்கார்ந்தார். போர்வைத் தூசியில் தும்மல் வந்தது. அவர் தும்மலுக்குத் தொட்டியே அதிர்ந்து, இருந்த மீன்களும் மூலைக்கு ஓடின. பொறுமை போய், கையை விட்டுக் கல்லையே புரட்டிப் பார்த்தார். பொந்தில் மண்தான் இருந்தது.

“கொன்னுட்டீங்களா?” என்றாள் மனைவி. “அன்னைக்குப் பேசிப் பிரிச்சீங்க, இன்னைக்குத் தும்மிப் பிரிக்கிறீங்க. எங்கண்ணன் இப்பத்தான் என்கூட வாயைத் தொறந்தான்!” சொல்லும்போதே அழுதுவிட்டாள். அவருக்கும் அழுகை வந்தது. நாய்க்குப் பயந்து அடக்கிக்கொண்டார்.

விடிந்ததும் மீன் கடையில் நின்றார். “ஒரு கெளுத்தி வேணும். மீசை வச்சது. கொஞ்சம் கூச்ச சுபாவமா.”

“மீசை இருக்கு, கூச்சம் கிடையாது” என்றார் கடைக்காரர். “இது பட்டப்பகல்லயே ஊர்வலம் போகும், பரவாயில்லையா?”

வேறு வழி?

ஆடிட்டர் பெட்டியும் கையுமாக உள்ளே நுழைந்தபோது மத்தியானம். கெளுத்தி கண்ணாடியோரம் உலாப் போய்க்கொண்டிருந்தது.

“என் ராஜா!” ஆடிட்டர் பெட்டியைக் கீழே போட்டார். “எத்தனை ராத்திரி தவம் கிடந்தேன், மூஞ்சியைக் காட்டினியா? மாப்பிள்ளை, எல்லாம் உங்க கைராசி!” கண்ணைத் துடைத்துக்கொண்டு, தங்கையின் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தார். “இனிமே நீ அடிக்கடி வரணும், ஆமா!”

அப்பாடா என்றிருந்தது மைக்செட்காரருக்கு. தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனார். அங்கே ஆடிட்டரின் மனைவி இடிந்துபோய் நின்றிருந்தாள்.

“ஏன் தங்கச்சி? எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதே?”

“என்னத்த முடிஞ்சுது? அந்தக் கெளுத்தி செத்து மாசக்கணக்காச்சுண்ணே, நான்தான் சொல்லலை” என்றாள் அவள். “அதைப் பாக்கணும்னுதானே அந்த மனுஷன் தினமும் ராத்திரி கணக்கை மூடி வச்சிட்டு என் பக்கத்துல வந்து உக்காந்தாரு!”