உடைசல் சாரும் செல்வியின் தாடையும்

உடைசல் சார் கைபட்டு உடையாத பொருள் காஞ்சிபுரத்தில் கிடையாது. டீக்கடைக்காரர் அவரைக் கண்டாலே கரண்டியை ஒளித்துவிடுவார். இவர் வளைத்து வளைத்து, எத்தனையாவது வளைவில் முறிகிறது என்று எண்ணுவார்.

சின்ன காஞ்சிபுரத்தில் தேர் புறப்படும் நேரம். அச்சைத் தட்டிப் பார்த்து, "இது எங்க உடையும்?" என்றார்.

"இன்னா பேச்சு பேசறான் பாரு!"

வடம் பிடித்தவர்கள் துரத்தினார்கள். செருப்பை விட்டுவிட்டு ஓடினார். மறுநாள் அதை எடுத்துப்போய்க் கொடுத்தேன். "வாரு எங்க அறுந்துது?" என்றுதான் கேட்டார்.

அவர் இயற்பியல் விஞ்ஞானி. நான் எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன். அவருடைய ஆய்வுக்கூடத்தில் பொடி சலிப்பேன். கோலமாவைவிடச் சன்னமான டைட்டானியம் பொடி. மெஷின் அதை மெல்லிசாகப் பரப்பி லேசரால் உருக்கும். அதன்மேல் மறுபடி பரப்பும். இப்படியே ஒரு எலும்பு வளரும். ஆஸ்பத்திரிக்குப் போகும்.

எதையும் ஜோடியாகத்தான் செய்வார். ஒன்றை உடைத்துப் பார்ப்பார். அது பாரம் தாங்கினால்தான் மற்றது மனுஷனுக்கு.

என் மனைவி செல்விக்கு வாய்ப்புற்று. கீழ்த்தாடையை எடுத்துவிட்டு வேறு வைக்க வேண்டும் என்றார்கள். அதைச் செய்து தரச் சொல்லி எங்கள் கூடத்துக்கே ஆர்டர் வந்தது.

"செல்வி இன்னா கடிப்பாங்க, ஏழுமலை?"

"முறுக்கு சார். கோவம் வந்தா என்னை."

இரண்டையும் எழுதிக்கொண்டார்.

ஜோடி தயாரானது. பார்க்க அவ்வளவு அழகு. ஒன்றை உடைக்கிற மெஷினில் மாட்டினார். சீக்கிரமே 'டப்' என்றது.

"சார், வெள்ளிக்கிழமை ஆபரேசன். நல்லா இருந்ததை உடைச்சிட்டீங்களே!"

"நல்லா இருந்தா உடைஞ்சிருக்காதுபா."

முறிந்த இடத்தை லென்ஸில் காட்டினார். உள்ளே பொடிப்பொடியாக ஓட்டை. பொடி ஈரம் குடித்திருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து மழையில் ஓடிவந்த அன்று டப்பா மூடியைச் சரியாகத் திருகாதவன் நான்தான்.

"நான்தான் சார்" என்றேன்.

அவர் திட்டவில்லை. முழு டப்பாவையும் ஒதுக்கினார். புதுசைப் பிரித்தார். வெள்ளிக்கிழமை வரை வீட்டுக்குப் போகவில்லை.

இரண்டாவது ஜோடியில் ஒன்று உடைய மறுத்து மெஷினையே முனக வைத்தது. மற்றது செல்விக்குப் போனது.

இரண்டு வருஷம் முறுக்குக் கடித்தாள். என்னையும் விடவில்லை. பிறகு நோய் நுரையீரலுக்குப் போனது. அதற்கு மெஷின் இல்லை.

எரித்த மறுநாள் எலும்பு பொறுக்கப் போனோம். சாம்பலில் தாடை முழுசாகக் கிடந்தது. சார் அதை எடுத்துச் சட்டையில் துடைத்தார்.

"கூடத்துக்கு எடுத்துக்கினு போங்க சார். ரெண்டு வருசம் உழைச்சது. உடைச்சுப் பாத்தா ஏதாச்சும் தெரியும்."

"இதை உடைக்க மாட்டேன் ஏழுமலை."

தாடையை அவரே கலயத்துக்குள் வைத்தார்.

எதைப் பார்த்தாலும் எங்கே உடையும் என்று கேட்கிற மனிதர். அன்று என்னைப் பார்த்து மட்டும் கேட்கவில்லை. அஸ்தி கரைக்கும் திருமுக்கூடல் ஆறு வரை கலயத்தை மடியில் வைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார்.