நடக்காத விபத்துக்கு ஒரு ஃபாரம்

சென்னையில் வண்டி ஓட்டுகிறவர்களில், வாழ்க்கையில் ஒருமுறைகூட எவரையும் முந்திச் செல்லாத ஒரே மனிதர் எங்கள் ஆபீஸ் முப்பதுதான். வேண்டுமானால் கற்பகாம்பாள் சந்நிதியில் வந்து சத்தியம் செய்கிறேன். பாண்டி பஜாரில் நடந்து போகிறவர்கள் அவரை முந்தியிருக்கிறார்கள். பலூன் விற்கிறவர் முந்தியிருக்கிறார். வெங்கட்நாராயணா ரோட்டில் ஒரு எருமை அவர் ஸ்கூட்டருக்குப் பக்கத்திலேயே கொஞ்ச தூரம் நடந்து பார்த்துவிட்டு, பொறுமை இழந்து முன்னால் போனதை நானே இந்தக் கண்ணால் பார்த்தேன்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. அது சம்பளச் சீட்டில் பத்திரமாக இருந்தது. ஸ்பீடாமீட்டர் முள்ளை முப்பதுக்கு மேல் போகவிட மாட்டார் என்பதால் எங்களுக்கு அவர் முப்பது, நேரில் முப்பது சார். அவரும் அதைப் பட்டம் கொடுத்த மாதிரி ஏற்றுக்கொண்டார். பெரிய வயசாளி என்று நினைத்துவிடாதீர்கள். என்னைவிட எட்டு மாதம் சின்னவர்.

தி.நகரில் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியின் கிளையில், மோட்டார் கிளெய்ம் பிரிவில் இரண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்து மேஜை. ஊரில் எங்கே வண்டி மோதினாலும் அதன் காகிதம் எங்களிடம் வரும். நானும் படிப்பேன், அவரும் படிப்பார். நான் படித்துவிட்டு டீ குடிக்கப் போவேன். அவர் படித்துவிட்டு முழங்கால் கவசம் வாங்கப் போனார். அடுத்த மாதம் முழங்கைக்கு. அதற்கடுத்த மாதம், இருட்டில் பளபளக்கும் ஜாக்கெட். காலை ஒன்பதரைக்கு அவர் ஆபீஸ் வாசலில் வந்து இறங்கினால், ராக்கெட்டில் ஏறப்போகிறவர் வழி தவறி வந்துவிட்டாரோ என்று தோன்றும்.

வண்டி ஓட்டும்போது அவர் பேச மாட்டார். போன் எடுக்க மாட்டார். திரும்பிப் பார்க்க மாட்டார். ஒருநாள் உஸ்மான் ரோட்டில் பின்னால் வந்த ஆட்டோக்காரர், "இன்னா நைனா, ஓட்டிக்கினு போறியா, தள்ளிக்கினு போறியா?" என்று கேட்டார். முப்பது இண்டிகேட்டர் போட்டு, கையையும் காட்டி, ஓரமாக நிறுத்தி, ஸ்டாண்ட் போட்டு, ஹெல்மெட்டைக் கழற்றி, "ஓட்டிக்கிட்டுதாங்க போறேன்" என்று மரியாதையாகப் பதில் சொன்னார். அதற்குள் ஆட்டோ சைதாப்பேட்டை போயிருக்கும்.

ஒரே ஒரு தடவை அவர் பின்னால் உட்கார்ந்து லஸ் வரைக்கும் போனேன். கிளம்புவதற்கு முன் என் தாடைக்கடியில் கையை விட்டு ஹெல்மெட் வாரைச் சோதித்தார்.

"ரெண்டு விரல் போகணும் சார். மூணு போச்சுன்னா அது ஹெல்மெட் இல்ல, தொப்பி."

"நாலு போனா?"

"நாலு போனா அந்த ஃபாரம் நம்ம டேபிளுக்கு வரும்" என்றார். முகத்தில் சிரிப்பே இல்லை.

ஹைவே பக்கம் மட்டும் அவர் வண்டியை எடுத்ததே கிடையாது. ஈசிஆர் என்கிற கிழக்குக் கடற்கரைச் சாலை ஆரம்பிக்கிற திருவான்மியூர் சிக்னலோடு அவருடைய உலகம் முடிந்தது. காரணம் கேட்டால் கணக்காகச் சொல்வார். "ஈசிஆர்ல முப்பதுல போனா பின்னாடி வரவனுக்கு ஆபத்து. அறுபதுல போனா எனக்கு ஆபத்து. எதுக்கு வம்பு? பஸ் எதுக்கு விட்டிருக்கான்?" மச்சினி கல்யாணம் பாலவாக்கத்தில் நடந்தபோதுகூடப் பட்டுவேட்டியோடு பஸ்ஸில் தொங்கிக்கொண்டுதான் போனார்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. அவருடைய ஃபாரம் பைத்தியத்தைத்தான் எங்களால் தாங்க முடியவில்லை.

தினமும் காலையில் வாசலில் நின்று, நாங்கள் ஒவ்வொருவரும் வண்டியில் வந்து சேருகிற அழகைப் பார்ப்பார். பிறகு மேஜைக்கு வந்து, எங்கள் பெயரில் ஒரு விபத்து கிளெய்ம் ஃபாரத்தை எடுத்துப் பென்சிலால் பூர்த்தி செய்துவிடுவார். விபத்து நடந்த இடம், அடிபட்ட பாகம், விபத்துக்கான காரணம், எல்லாம் எழுதுவார். தேதியை மட்டும் காலியாக விடுவார். 'நடக்கக் கூடாதவை' என்று மேலே எழுதிய ஃபைலில் அதைக் கோத்து வைப்பார்.

"ஏன் சார் இப்படிக் கழுத்தறுக்கறீங்க?" என்று ஒருநாள் சண்டைக்கே போனேன்.

"நம்மகிட்ட வர ஃபாரத்துல எல்லாம் காரணத்தைப் பின்னாடிதானே சார் எழுதறாங்க? முன்னாடியே எழுதிட்டா, படிச்சுப் பார்த்துத் திருத்திக்கலாம் இல்ல?"

ஆள் திருந்திவிட்டால் ரப்பரை எடுத்துக் காரணத்தை அழித்து, ஃபாரத்தை அந்த ஆள் கையிலேயே கொடுத்துவிடுவார். இரண்டு பேர் அப்படி வாங்கிக்கொண்டு போனார்கள். என்னுடையது மட்டும் எப்போதும் ஃபைலின் மேலேயே இருந்தது.

என் கதை உங்களுக்குத் தெரிந்த கதைதான். ஹெல்மெட்டை இடது முழங்கையில் மாட்டிக்கொண்டு போகிற ஜாதி நான். தூரத்தில் போலீஸ் வெள்ளைச் சட்டை தெரிந்தால் தலைக்கு ஏறும், தாண்டியதும் கைக்கு இறங்கும். புது மோட்டார் சைக்கிள் வேறு வாங்கியிருந்தேன். மாதம் ஒருமுறை லீவு போட்டுவிட்டு ஈசிஆரில் மாமல்லபுரம் வரை காற்று வாங்கப் போவேன். முப்பது எழுதியிருந்தார்: 'இடம்: ஈசிஆர், பாலவாக்கம் அருகில். அடிபட்ட பாகம்: தலை. காரணம்: முழங்கையைத் தலை என்று நினைத்தது.' ஆபீஸே படித்துச் சிரித்தது. நானும்தான் சிரித்தேன்.

அந்த வெள்ளிக்கிழமையும் அப்படித்தான் லீவு போட்டுவிட்டு மாமல்லபுரம் போயிருந்தேன். போன் சத்தமில்லாமல் தோள்பைக்குள் கிடந்தது. ஆபீஸில் அன்று பழைய காகிதங்களை எல்லாம் ஸ்கேன் செய்யும் நாள். முப்பது வெளியே வண்டி ஒன்றைப் பார்வையிடப் போயிருக்க, எங்கள் அட்டெண்டர் ஏழுமலை அவருடைய ஃபைலையும் சேர்த்து எடுத்துவிட்டார். பிறகு மேனேஜர் மேடம் விசாரித்தபோது ஏழுமலை சொன்னது இது:

"பென்சில்ல கீது மேடம், ஸ்கேன்ல வெளுத்துப் போவுதேன்னு நாந்தான் மேலயே பேனா போட்டு எழுதினேன். தேதி காலியா இருந்துச்சு. மிசினு எடுத்துக்க மாட்டேன்னுச்சு. இன்னிக்குத் தேதியைப் போட்டேன். அதுல இன்னா தப்பு?"

இருபது வருஷ சர்வீஸில் ஏழுமலை யாரும் சொல்லாமலே செய்த ஒரே வேலை அதுதான். மேனேஜர் மேடத்தின் கம்ப்யூட்டரில் என் விபத்து வந்து நின்றது. இன்றைய தேதி, பாலவாக்கம், தலை. பதறிப்போன மேடம் காரணத்தைப் படிக்கவே இல்லை. எனக்குப் போன் செய்தார், எடுக்கவில்லை. வீட்டுக்குச் செய்தார்.

"சுதா, அவரை எந்த ஹாஸ்பிடல்ல சேர்த்திருக்காங்க?"

"யாரை?" என்று கேட்டாளாம், அன்று வேலைக்குப் போகாமல் வீட்டிலிருந்த என் மனைவி.

கால் மணி நேரத்தில் முப்பது ஆபீசுக்குத் திரும்பி, விஷயம் தெரிந்து, தலையில் கையை வைத்துக்கொண்டார். உடனே சுதாவைக் கூப்பிட்டார். "மேடம், அது நான் எழுதினது. நடக்கல. பயப்படாதீங்க."

"நடக்கலன்னா அவர் ஏன் சார் போன் எடுக்கல?"

ஃபாரம் பொய் என்று உலகத்திலேயே முப்பது ஒருவருக்குத்தான் நிச்சயமாகத் தெரியும். நான் நன்றாக இருக்கிறேனா என்பது அவருக்கும் தெரியாது. எத்தனை ஆயிரம் விபத்துக் காகிதம் படித்த மனிதர்.

"நான் போய்ப் பார்த்துட்டு வரேன் மேடம்" என்று சொல்லிவிட்டுக் கவசங்களை எல்லாம் மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தார். திருவான்மியூர் சிக்னலைத் தாண்டினார். தாண்டி, ஈசிஆரில், இடது ஓரமாக, முப்பதில்.

அந்த நேரம் நான் எதிர்ப்பக்கம் விசில் அடித்துக்கொண்டு திரும்பி வந்துகொண்டிருந்தேன். பாலவாக்கத்துக்குப் பக்கத்தில் ரோட்டின் அந்தப் பக்கம் ஒரே ஹாரன் சத்தம். பார்த்தால் நம்ம முப்பது. இளநீர் வண்டியைச் சுற்றிப் பத்துப் பேர் நின்றுகொண்டிருக்க, அவர் ஸ்கூட்டரை நிறுத்தி, கூட்டத்துக்குள் எட்டி எட்டித் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மனுஷருக்குக் கடைசியில் கழன்றே விட்டது என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே வந்துவிட்டேன். அவர் யாரைத் தேடுகிறார் என்று எனக்கு எப்படித் தெரியும்?

மயிலாப்பூரில் எங்கள் வீட்டு வாசலில் ஏழெட்டு ஜோடிச் செருப்பு கிடந்தது. விருந்தாளிகள் என்று நினைத்து, முழங்கையில் ஹெல்மெட்டோடு உள்ளே போனேன். மேல்வீட்டு மாமி கையில் காபி டம்ளரோடு எழுந்தாள்.

"பகவானே, முழுசா வந்து நிக்கறாரேடி. பாரு, உங்காத்துக்காரர் முழுசா வந்துட்டார். நான்தான் சொல்லிண்டே இருந்தேனே."

சுதா என்னைப் பார்த்தாள். என் முழங்கையைப் பார்த்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஆறு ஹாஸ்பிடலுக்குப் போன் பண்ணேன்" என்றாள். "எல்லா இடத்துலயும் ஒரே கேள்விதான் கேட்டாங்க. ஹெல்மெட் போட்டிருந்தாரான்னு. பத்தொம்பது வருஷமா உங்ககூட இருக்கேன். இருந்தும் என்னால ஆமான்னு சொல்ல முடியல."

பெண்டாட்டியிடம் எத்தனையோ தடவை திட்டு வாங்கியிருக்கிறேன். அவளை இவ்வளவு பயப்பட வைத்திருக்கிறேன் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. வெட்கமாக இருந்தது.

"போய் அந்த மனுஷரைக் கூட்டிட்டு வாங்க" என்றாள். "உங்களைத் தேடிட்டுப் போயிருக்கார். வண்டியில இருக்கும்போது போன் எடுக்க மாட்டாராமே."

இளநீர் வண்டிக் கூட்டத்தில் அவர் யாரைத் தேடினார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஈசிஆரில் முப்பதில் போனால் பின்னால் வருகிறவனுக்கு ஆபத்து என்று சொன்ன ஆசாமி. கார்கள் எல்லாம் பறக்கிற ரோட்டில், கூட்டம் கூட்டமாக நின்று நின்று என் உடம்பைத் தேடிக்கொண்டிருக்கிறார். ஹெல்மெட்டைத் தலையில் மாட்டினேன். சுதா வந்து வாரைப் போட்டுவிட்டாள்.

அவரை மாதிரியே நானும் இடது ஓரமாகப் போனேன். கூட்டம் நின்ற இடத்திலெல்லாம் நிறுத்தி எட்டிப் பார்த்தேன். ஒரு இடத்தில் நுங்கு விற்றார்கள். இன்னொரு இடத்தில் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். இதை ஒரு மணி நேரமாக அந்த மனிதர் செய்துகொண்டிருக்கிறாரே என்று நினைத்தபோது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

உத்தண்டிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பஸ் ஸ்டாப் நிழலில் ஸ்கூட்டரோடு நின்றுகொண்டிருந்தார். முகமெல்லாம் வேர்வை. எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தார். நான் போய் நின்றேன். என் ஹெல்மெட்டைக் கழற்றினார். என் தலையை இரண்டு கையாலும் பிடித்து, இப்படித் திருப்பி, அப்படித் திருப்பி, முடியை விலக்கிப் பின்மண்டை வரை பார்த்தார். பஸ்ஸுக்கு நின்ற இரண்டு பெண்கள், பேன் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளிப் போனார்கள்.

"ஒண்ணும் இல்ல சார், நல்லா இருக்கேன்" என்றேன்.

"அதை நான் பார்த்துச் சொல்றேன், இருங்க" என்றார்.

இரண்டு பேரும் சேர்ந்தே திரும்பினோம். அவர் முன்னால், நான் பின்னால், முப்பதில். பின்னால் வந்தவன் எல்லாம் எங்கள் பரம்பரையையே இழுத்துத் திட்டிக்கொண்டு போனான். அவ்வளவு சந்தோஷமாக நான் அதுவரை வண்டி ஓட்டியதே இல்லை.

திங்கட்கிழமை முப்பதுக்கு மெமோ வந்தது. ஆபீஸ் ஃபாரத்தை இனி இந்த வேலைக்குத் தொடக்கூடாது என்று மேடம் கண்டிப்பாக எழுதியிருந்தார். அன்று சாயங்காலமே, அவரவர் வெள்ளைத்தாளை எடுத்துக்கொண்டு ஐந்து பேர் அவர் மேஜைக்கு முன்னால் வரிசையில் நின்றோம். மெமோ எழுதிய மேடமும் ஒரு தாள் கொடுத்தனுப்பியிருந்தார். பெருங்குடிக்கு ஸ்கூட்டரில் வேலைக்குப் போகிற சுதா தனக்கும் ஒன்று எழுதி வாங்கி வரச் சொன்னாள். 'காரணம்: காற்றில் பறக்கும் துப்பட்டா' என்று வந்தது. கொஞ்சம் முனகினாள். மறுநாள் முதல் துப்பட்டாவை இறுக்கி முடிந்துகொண்டு கிளம்பினாள்.

போன வருஷம் முப்பதுக்குத் திருச்சிக்கு மாற்றல் வந்தது. கிளம்பும்போது பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. "தினம் வீட்டுக்குப் போனதும் வாட்ஸ்அப்புல ஒரு வார்த்தை போடுங்க சார்" என்றார், அவ்வளவுதான். போடுகிறேன். 'வந்தாச்சு' என்று ஒரே வார்த்தை. அவர் பதில் எழுத மாட்டார். இரண்டு டிக்கும் நீலமாகும்.

ஒருநாள் மறந்துவிட்டேன். அரை மணியில் திருச்சியிலிருந்து போன். "அங்க மழையா சார்?" என்று கேட்டார். இல்லை என்றேன். என் குரலைக் கேட்டதும் வேறொன்றும் பேசாமல் வைத்துவிட்டார்.

அதிலிருந்து வண்டியை நிறுத்தியதும் முதல் வேலை அதுதான். டிக் நீலமாகிறவரை ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் கேட்டிலேயே நிற்கிறேன். தெருவில் போகிறவர்கள் ஒரு மாதிரி பார்க்கிறார்கள், சுதா சிரிக்கிறாள். சிரிக்கட்டும். நான் வீடு வந்து சேர்ந்துவிட்டேனா என்று அங்கே ஒருவர் கையில் இருக்கிற வேலையை விட்டுவிட்டுப் போனையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.