இருமல் லேகியப் பதிவேடு

எந்த வரைபடத்திலும் அகப்படாத மூங்கில்புரி நாட்டில், மன்னர் உரையாற்றும்போது இருமுவது ராஜத்துரோகம் என்று சட்டம் வந்தது. மன்னரோ வாரம் மூன்று உரை, உரைக்கு நாலு மணி நேரம் என்று பொழிபவர். பாவம், ஜனங்கள் தொண்டையைப் பிடித்துக்கொண்டு செண்பகவடிவின் மருந்துக் கடைக்கு ஓடினார்கள். யார் என்ன வாங்கினார்கள் என்பதெல்லாம் அவளுடைய பதிவேட்டில் இருந்தது. அது வெளியே போனால் பாதி ஊர் சிறைக்குப் போகும்.

ஒருநாள் நாகலிங்கம் என்றொருவன் மிடுக்காக வந்து ஓலை நீட்டினான். "அரசாணை. இருமல் லேகியம் வாங்கினவங்க பேரெல்லாம் வேணும்." பெயர் கிடைத்தால் வீடு வீடாகப் போய் மிரட்டலாம் என்பது அவன் திட்டம்.

செண்பகவடிவு ஓலையைப் பார்த்தாள். எழுத்து முத்து முத்தாக இருந்தது. முத்திரை நேராக இருந்தது. அட, தேதிகூடச் சரி!

"அரண்மனை ஓலை என்னைக்குய்யா இவ்வளவு லட்சணமா வந்திருக்கு? முத்திரை கோணலா விழுந்திருக்கும், தேதி போன மாசத்துதா இருக்கும். இது போலி. எடத்தைக் காலி பண்ணு!"

விஷயம் மந்திரி காதுக்குப் போனது. போலியைப் பிடித்தவளுக்குப் பாராட்டு வந்திருக்கும் என்றா நினைக்கிறீர்கள்? அதுதான் இல்லை. "நம் ஓலையைவிடப் போலி ஓலை அழகாக இருப்பது அரசுக்கே இழுக்கு!" என்று முழங்கிய மந்திரி, நாகலிங்கத்தையே அரண்மனை ஓலை எழுத்தராக்கினார். சந்தேகம் உள்ளவர்கள் கேட்டுத் தெளிய ஒரு சரிபார்ப்பு மண்டபமும் திறந்தார். அதற்கும் அவனே அதிகாரி.

மறுவாரம் அதே ஓலை வந்தது. அதிகம் வாங்கியவர் பெயர் முதலில் வரவேண்டும் என்று ஒரு வரி மட்டும் கூடுதல். செண்பகவடிவு மண்டபத்துக்கு ஓடினாள். "இது அசல்தானா?"

"நான் எழுதினதை நானே அசல்னு சொல்றேன், இன்னும் என்ன சந்தேகம்? நாளைக்குப் பட்டியல் வரலேன்னா உனக்கும் சிறைதான்."

கடைக்குத் திரும்பிப் பதிவேட்டை எடுத்தாள். கைக்குழந்தையின் கக்குவான் இருமலுக்கு மருந்து வாங்கிய ராக்காயிகூட அந்தப் பதிவேட்டில் இருந்தாள். அழுதுகொண்டே புரட்டியவள், அதிகம் வாங்கியவர் யாரென்று பார்த்ததும் சிரித்துவிட்டாள்.

மறுநாள் மண்டபத்துக்குப் போய்ப் பட்டியலை நீட்டினாள். முதல் பெயரைப் படித்த நாகலிங்கத்துக்கு வேர்த்துக் கொட்டியது. மாமன்னர், வாரம் பத்து உருண்டை. லேகியம் கேட்டு அரண்மனை அனுப்பிய சீட்டும் கூடவே இருந்தது.

அந்த மண்டபத்தில் அன்றுதான் முதன்முறையாக ஏதோ ஒன்று சரிபார்க்கப்பட்டது. நாகலிங்கம் சீட்டை வெளிச்சத்தில் பிடித்தான், முகர்ந்தான், நகத்தால் சுரண்டினான்.

"அம்மா, இது போலியாத்தானே இருக்கும்?" என்று கெஞ்சினான்.

"முத்திரையைப் பாருங்கய்யா, கோணலா இருக்குல்ல? தேதியும் போன மாசத்துது. சாட்சாத் அசல். கொண்டுபோய் மன்னர்கிட்டக் குடுங்க."