டோனர் அக்காவும் மேல் டிவிஷன் பக்கங்களும்

கேமரன் மலையில் பேய்க்குப் பயப்படாதவர்கள் சிலர் இருக்கலாம். ஆனால் பேயே பயப்பட்ட ஓர் ஆள் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆபீஸில் இருந்த டோனர் அக்கா.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று கட்டாயம் இருந்திருக்கும். சம்பளச் சீட்டில்கூட அது அச்சாகியிருக்கும். ஆனால் பிரிண்டரின் டோனர் மையை வீணாகாமல் காவல் காத்ததால், கங்காணி முதல் துரை வரை எல்லாருக்கும் அவர் டோனர் அக்கா. ஆபீஸின் ஒரே பெரிய பிரிண்டருக்குப் பக்கத்தில், கம்பளிக் குல்லாயும் இரண்டு ஸ்வெட்டரும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். காலையில் வந்ததும் பிரிண்டரின் நெற்றியில் விபூதி பூசுவார். பிரிண்டருக்கு நெற்றி எது என்று நீங்கள் கேட்கலாம். அவரிடம் யாரும் கேட்டதில்லை.

நான் அப்போது கணக்குப் பிரிவில் கிராணி, அதாவது குமாஸ்தா. ஒரு பக்கம் பிரிண்ட் எடுக்க வேண்டுமென்றால் அக்காவிடம் காரணம் சொல்ல வேண்டும். கல்யாணத்துக்குப் பெண் கேட்கப் போகிறவன்கூட அவ்வளவு பதில் சொல்லியிருக்க மாட்டான்.

"எதுக்குத் தம்பி இது?"

"மீட்டிங்குக்கு அக்கா."

"மீட்டிங்ல பேசத்தானே போறீங்க? பேசுங்க லா. பேப்பர் எதுக்கு?"

எங்கள் மேனேஜரை எல்லாரும் துரை என்றுதான் கூப்பிடுவோம். பத்துகாஜாவில் பிறந்த தமிழர்தான். ஒருநாள் தன் மகளின் பள்ளிக்கூடப் பாடத்துக்காக ஒரு பூனைப் படத்தைக் கலரில் அடித்துவிட்டார். அக்கா அதைக் கையில் பிடித்துக்கொண்டு நேராக அவர் அறைக்குள் போனார். "துரை, கருப்புப் பூனைக்குக் கலரு எதுக்கு?" என்று கேட்டார். துரை அன்று மத்தியானம் சாப்பிடப் போகவில்லை.

அவருக்கு ஆகவே ஆகாதது டெஸ்ட் பேஜ். பிரிண்டர் வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காக, உருப்படியாக ஒன்றுமே இல்லாமல் வருமே, அந்தப் பக்கம். அது வந்தால் அடித்த ஆளைத் தேடிப் போய்த் திட்டிவிட்டு வந்தால்தான் அக்காவுக்கு டீ இறங்கும். ஒரு முறை கொட்டுகிற மழையில் குடை பிடித்துக்கொண்டு பேக்டரி வரைக்கும் நடந்துபோய்த் திட்டினார். தோட்டம் முழுக்க அந்தக் கதை பரவியிருந்தது.

இப்படி இருக்கையில்தான் கம்பெனி ஒரு புது சாஃப்ட்வேர் வாங்கியது. யார், எந்த டிவிஷன், எத்தனை பக்கம் என்று அதுவே எழுதிக்கொள்ளும். செலவை அந்தந்த டிவிஷன் தலையில் கட்டிவிடும். கார்டைத் தட்டினால்தான் பேப்பர் வெளியே வரும். எந்தக் கணக்கிலும் சேராத வேலை வந்தால் அச்சடிக்காமல் திரையில் நிறுத்தி வைக்கும்.

அதைப் பொருத்த ஈப்போவிலிருந்து ஒரு சீன இளைஞர் வந்தார். தமிழர்கள் நிறைந்த ஒரு கிராமத்தில் வளர்ந்தவராம், தமிழும் பேசுவார். "இனி நீங்க யாரையும் கேள்வி கேக்க வேணாம் அக்கா. எல்லாம் சிஸ்டம் பாத்துக்கும்" என்றார் நல்ல மனதோடு.

அக்கா குல்லாயைக் காது வரை இழுத்துவிட்டுக்கொண்டார். அவர் பேசாமல் இருந்து நான் பார்த்தது அன்றுதான். எனக்கே என்னவோ போல் இருந்தது.

சாஃப்ட்வேரை ஓடவிட்டது ஒரு திங்கட்கிழமை. மத்தியானம் மூடுபனி இறங்கியது. எங்கள் ஊரில் பனி வந்தால் ஜன்னலுக்கு வெளியே உலகம் இருந்ததற்கான அடையாளமே இருக்காது. அந்த வெள்ளையில், திரையில் முதல் ஆளாக ஒரு பெயர் வந்து நின்றது.

சின்னக் கிராணி. மேல் டிவிஷன். டெஸ்ட் பேஜ். காத்திருக்கிறது.

மேல் டிவிஷன் மூடிக் கிடந்தது. மண் சரிந்து பாதித் தேயிலைக் காடு போனபின் அங்கே கொழுந்து எடுக்க ஆள் போவதில்லை. ஆபீஸ் கட்டடம் மட்டும், பக்கத்துத் தண்ணீர்ப் பம்ப்புக்குப் போகும் கரண்டைப் பகிர்ந்துகொண்டு, அப்படியே நின்றது. பழைய கம்ப்யூட்டரையும் கேபிளையும் இறக்கிக்கொண்டு வர யாருக்கும் மனம் வரவில்லை. ஏனென்றால் அங்கே கணக்கு எழுதிய சின்னக் கிராணி, அந்தக் கம்ப்யூட்டருக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்தபடியேதான் இறந்துபோயிருந்தார்.

"பழைய பேர் லிஸ்ட்டை அப்படியே ஏத்திட்டேன். அவரு எங்க இருக்காரு?" என்று கேட்டார் ஈப்போக்காரர்.

"பிரிஞ்சாங் சுடுகாட்டுல" என்றேன்.

அவர் சட்டைக்குள் கைவிட்டுத் தாயத்தைத் தேடினார்.

மறுநாள் மத்தியானம், பனி இறங்கியதும், மறுபடி வந்தது. இந்த முறை ஒன்றல்ல. ஒன்றின்கீழ் ஒன்றாகத் திரையில் அந்தப் பெயர் ஏறிக்கொண்டே போனது. சின்னக் கிராணி. சின்னக் கிராணி. சின்னக் கிராணி. பிரிண்டர் ஒவ்வொன்றுக்கும் மெல்ல ஒரு முறை முனகியது. பேப்பர் வரவில்லை. டைப் அடிக்கும் பெண் கைப்பையை எடுத்துக்கொண்டு, பசியாறவே இல்லை என்று பொய் சொல்லி, கேன்டீனுக்கு ஓடிவிட்டாள்.

புதன்கிழமை காலையில் வந்து பார்த்தால் திரை நிறைந்திருந்தது. துரை முகம் வெளிறிப்போய், "கேபிள்ல ஷார்ட்டு. எல்லாத்தையும் அழிச்சிட்டு அந்தக் கம்ப்யூட்டரைக் கட் பண்ணிடுங்க" என்றார். குரல் மட்டும் துரைக் குரலாக இல்லை.

ஈப்போக்காரர் விரலை நீட்டினார். அக்கா எழுந்து வந்து அந்த விரலைப் பிடித்துக்கொண்டார்.

"அழிக்காதே. கேக்கணும்."

"யாரைக் கேக்கணும்?"

"அடிச்சவரைத்தான். எதுக்கு அடிச்சீங்கன்னு கேக்காம இந்த ஆபீஸ்ல ஒரு பேப்பரும் அழிஞ்சதில்ல."

"அக்கா, அவரு செத்துட்டாரு லா!"

"செத்தா டெஸ்ட் பேஜ் ஓசியா?"

குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அவரைத் தனியாக விடக்கூடாது என்று நானும் ஈப்போக்காரரும் பின்னால் போனோம். உண்மையைச் சொன்னால், ஆபீஸில் அந்தத் திரையோடு தனியாக இருக்க எங்களுக்குத் தைரியமில்லை. துரையும் ஜீப்பில் ஏறிக்கொண்டார். காரணம் அதேதான் என்று நினைக்கிறேன்.

சரிவு விழுந்த இடத்தோடு ஜீப் நின்றுவிட்டது. அதற்குமேல் நடை. மத்தியானம்தான், ஆனாலும் பனி எங்களுக்கு முன்பே வந்து காத்திருந்தது. வெட்டாமல் விட்ட தேயிலை ஆள் உயரத்துக்கு மரமாக வளர்ந்து, இருபுறமும் நின்று எங்களைப் பார்த்தது. எங்கோ பம்ப் மட்டும் தூக்கத்தில் மூச்சு விடுவதுபோல் ஓடிக்கொண்டிருந்தது. முன்னால் போன அக்காவின் சிவப்புக் குல்லாய் மட்டும் தெரியும், பிறகு அதுவும் தெரியாது. "வாங்க லா" என்ற குரலைப் பிடித்துக்கொண்டு ஏறினோம்.

கட்டடம் திடீரென்று மூக்குக்கு நேராக வந்து நின்றது. இரும்புக் கதவு சாத்தியிருந்தது. வெளிப்பூட்டில் ஒரு சாவி தொங்கியது. காற்றே இல்லை. அந்தச் சாவி மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.

உள்ளிருந்து தட்டும் சத்தம். டக். டக். கம்பி போட்ட ஜன்னலின் அழுக்குக் கண்ணாடியில் நீல வெளிச்சம்.

துரை என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் ஈப்போக்காரரைப் பிடித்துக்கொண்டேன். அவர் தாயத்தைப் பிடித்துக்கொண்டார்.

அக்கா குடைக் காம்பால் கதவை ஓங்கி அடித்தார். "யாரு லா உள்ள! எத்தனை டெஸ்ட் பேஜ்! பேப்பர் என்ன மரத்துலயா காய்க்குது?"

தட்டல் நின்றது. கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஒரு குரல் கேட்டது.

"அக்கா... கோவமா இருக்கீங்களா?"

"ஆமா!"

"அப்பாடா" என்று அழுதது அந்தக் குரல்.

சாவியைத் திருப்பிக் கதவைத் திறந்தால், தரையில் ஒரு கல்யாணப் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் எங்கள் பம்ப்பு அண்ணன். தண்ணீர்ப் பம்ப்பைப் பார்த்துக்கொள்பவர். தைப்பிங்கில் உறவுக் கல்யாணம், நீண்ட லீவு. செவ்வாய்க்கிழமை பஸ் ஏறுமுன் பம்ப்பை ஒரு முறை பார்த்துவிட்டு, மழைக்கோட்டை எடுக்க ஆபீஸுக்குள் நுழைந்திருக்கிறார். கதவு பின்னால் சாத்திக்கொண்டது. உள்ளிருந்து திறக்க முடியாத பூட்டு, சாவி வெளியே. ஜன்னலெல்லாம் கம்பி. அந்த மலை மடிப்பில் போனுக்கு சிக்னல் இல்லை. பழைய டெலிபோன் வயரை எப்போதோ வெட்டியாகிவிட்டது. மனைவி அவர் தைப்பிங் போய்விட்டார் என்று இருந்தாள். தைப்பிங்கில் அவர் வரவில்லை என்று கோபித்துக்கொண்டிருந்தார்கள். யாரும் தேடவில்லை.

"கம்ப்யூட்டர்ல எனக்கு வேற ஒண்ணும் தெரியாது" என்றார், அக்கா கையோடு கொண்டுவந்த பிளாஸ்க்கிலிருந்து ஊற்றிக் கொடுத்த சூடான டீயை இரண்டு கையாலும் பிடித்தபடி. "சின்னக் கிராணி டெஸ்ட் பேஜ் அடிக்கிறதை மட்டும் பாத்திருக்கேன். அடிச்சா அக்கா திட்ட வருவாங்கன்னு தெரியும். அதான் விடாம அடிச்சேன். ஏன் வரலைன்னுதான் புரியல."

ஈப்போக்காரர் தன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கீழே இறங்கி வந்ததும் சாஃப்ட்வேர் ஒன்று கேட்டது. இத்தனை வேலையும் எந்தக் கணக்கில்? மேல் டிவிஷனுக்குக் கணக்கே கிடையாது. அக்கா, "என் பேர்ல போடு" என்றார். போட்டார்கள். வரிசையாக எல்லாம் அச்சாகி வந்தது.

அப்போதுதான் நான் கவனித்தேன். "அண்ணே, நீங்க மேல போனது செவ்வாய்தானே?"

"ஆமா. திங்கக்கிழமை பூரா வீட்டுல பை கட்டிக்கிட்டு இருந்தேனே."

முதல் பக்கம் திங்கட்கிழமை வந்தது. ஈப்போக்காரர் என்னென்னவோ சொன்னார். பழைய கம்ப்யூட்டர் என்றார், புது சிஸ்டத்தைக் கண்டதும் தானாக விழித்திருக்கலாம் என்றார், கடிகாரம் தப்பாக ஓடியிருக்கலாம் என்றார். சொல்லச் சொல்ல அவர் குரல் இறங்கிக்கொண்டே போனது. கடிகாரம் சரியாகத்தான் ஓடியது. பார்த்தோம்.

அக்கா அந்த ஒரு பக்கத்தைத் தனியாக எடுத்துச் சாமி படத்தடியில் வைத்தார். "நல்ல மனுசன். முன்னாடியே சொல்லிப் பாத்திருக்காரு. நாமதான் கேக்கல" என்றார். அவர் திட்டாமல் விட்ட டெஸ்ட் பேஜ் அது ஒன்றுதான்.

சாஃப்ட்வேர் நன்றாகவே வேலை செய்தது. மாத முடிவில் எந்த டிவிஷன் எவ்வளவு அடித்தது என்று எல்லாருக்கும் தெரிந்ததால், வீண் பேப்பர் தானாகவே குறைந்தது. துரை ஒரே ஒரு மாற்றம் செய்தார். கணக்கில் சேராமல் நிற்கும் எந்த வேலையையும் டோனர் அக்கா விசாரிக்காமல் அழிக்கக்கூடாது. அன்றிலிருந்து அக்கா திரைக்கு முன்னால் உட்கார்ந்து, ஒவ்வொரு டிவிஷனாகப் போன் போட்டுத் திட்டினார். பிரிண்டரோடு அந்தத் திரைக்கும் விபூதி கிடைத்தது.

இப்போது அவர் வேலையிலிருந்து நின்று பிரிஞ்சாங்கில் தங்கையின் பூக்கடையில் இருக்கிறார். போன மாதம் பார்க்கப் போயிருந்தேன். ரொம்ப மெலிந்துவிட்டார். பூ வாங்க வருகிறவர்களிடம் எதற்கு இவ்வளவு பூ என்று கேட்கிறாராம். தங்கை தலையில் அடித்துக்கொண்டாள். கிளம்பும்போது பனி இறங்கிவிட்டது. சாலையில் இறங்கி நடந்தேன். பின்னாலிருந்து, "பாத்துப் போ லா... மெதுவா போ... ஓரமா போ..." என்று பனிக்குள் குரல் வந்துகொண்டே இருந்தது.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. பயமாக இருந்தது, அந்தக் குரல் எங்கே நின்றுவிடுமோ என்று.