நூற்றுப் பன்னிரண்டு கேசட்டும் ஒரு தும்மலும்

இனிமேல் மனைவிக்கு ஒரு அங்குலம்கூட விட்டுக்கொடுப்பதில்லை என்று முடிவெடுத்தேன். முடிவெடுத்தபோது அவள் வீட்டில் இல்லை.

விஷயம் கேசட். நூற்றுப் பன்னிரண்டு. எல்லாம் ஒரே இசைக்குழு, எல்லாம் மேடையில் வாசிக்கும்போதே பதிவு செய்தவை. ஒரு பாட்டை எடுத்தால் நாற்பது நிமிஷம் மனம்போன போக்கில் வாசிப்பார்கள். நேற்று வாசித்த மாதிரி இன்று வாசிக்க மாட்டார்கள். அதனால் ஒரே பாட்டு என்னிடம் முப்பது கேசட்டில் இருக்கிறது.

மனைவி வீட்டிலேயே தையல் வேலை செய்கிறாள். தைத்த துணி வைக்க என் அலமாரி வேண்டுமாம்.

"பத்து கேசட் இருக்கட்டுங்க. மீதியை எடுத்துக்கப் பழைய சாமான்காரர் அஞ்சு மணிக்கு வர்றார்."

மணி நாலரை. அலமாரிக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன்.

"எதைத் தள்ளச் சொல்றே? ஒவ்வொண்ணும் வேற வேற."

"ஒரே பாட்டு முப்பது தடவை எதுக்குங்க?"

அங்கேதான் பிடி கிடைத்ததாக நினைத்தேன்.

"பந்தயம் வெச்சுக்கலாமா? நான் திரும்பி நிக்கறேன். நீ மூணு கேசட் போடு. எந்த நாள் கச்சேரின்னு சொல்றேன். மூணும் சரின்னா ஒண்ணுகூட வெளியே போகாது."

"தப்பா சொன்னா?"

"நீ சொன்ன மாதிரி."

சுவரைப் பார்த்து நின்றேன். முதல் கேசட் சரி. இரண்டாவதும் சரி. மூன்றாவது ஓடியது. டிரம்ஸ் கேட்டது. கிட்டார் பாட்டை விட்டு எங்கோ போயிருந்தது. மழை பெய்த மைதானம், அது நிச்சயம். அங்கே இரண்டு நாள் வாசித்தார்கள். எந்த நாள்?

"சொல்லுங்க, நேரமாகுது."

"ரெண்டாம் நாள்."

"முதல் நாள்."

"கேசட் பெட்டி மாறியிருக்கும்!"

"மாறலை. ரெண்டாம் நாள்னா கிட்டார் திரும்பி வர்றதுக்கு முன்னாடி கூட்டத்துல ஒருத்தர் தும்முவார்."

மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். கிட்டார் வந்தது. யாரும் தும்மவில்லை.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"பதினோரு வருஷமா பக்கத்து ரூம்ல தைக்கறேன். காதைக் கழட்டி வெச்சுட்டா தைக்கறேன்?"

வாசலில் மணி அடித்தது. எனக்கு அழுகையே வந்துவிடும்போல இருந்தது.

"சரி, பத்தை எடுத்துக்கறேன். கொஞ்சம் நேரம் குடு."

"நான் காலையிலேயே எடுத்து வெச்சுட்டேங்க."

"நீயா? என் கேசட்டையா?"

"பத்து இருக்கட்டும்னுதான் சொன்னேன். நீங்க எடுங்கன்னு சொல்லலையே."

தையல் மிஷின்மேல் பத்தும் அடுக்கியிருந்தன. ஏதாவது ஒன்று சுமாராக இருக்கும், அதை வைத்துச் சண்டையை மறுபடி ஆரம்பிக்கலாம் என்று ஒவ்வொன்றாகப் புரட்டினேன். ஆறு, நானே எடுத்திருப்பேன். மற்ற நாலு, நான் எடுத்திருக்கக்கூடியதைவிட நல்லவை.

மீதி நூற்றிரண்டையும் நானே வாசல்வரை சுமந்துபோய்க் கொடுத்தேன்.