மிங்க் அண்ணையின் மீன் தலைகள்

டென்மார்க்கில் மிங்க் வளர்த்த தமிழர்கள் என்று யாராவது கணக்கெடுத்தால், முதலாவது பெயர் எங்கள் மிங்க் அண்ணையுடையதாகத்தான் இருக்கும். கடைசிப் பெயரும் அவருடையதுதான். அவரிடம் ஒரு மிங்க் கூட இருந்ததில்லை என்பது சின்ன விஷயம். அதை யாரும் பெரிதுபடுத்தக் கூடாது.

மிங்க் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு: கீரிக்கு ஒன்றுவிட்ட தம்பி முறையான ஒரு பிராணி. கடிக்கும், நாறும். ஆனால் அதன் தோலில் தைத்த கோட்டுக்கு உலகத்துப் பணக்காரப் பெண்மணிகள் உயிரை விடுவார்கள். அந்தக் காலத்தில் ஜூட்லண்ட் பக்கம் போனால் மிங்க் பண்ணைகளுக்குக் குறைவே இல்லை. அந்தப் பிராணிகளுக்கு விருந்து என்றால் மீன் கழிவுதான்.

எண்பதுகளின் நடுப்பகுதி. ஸ்கீவ நகரத்தில் கொம்யூன், அதாவது நகரசபை, எங்களுக்கு ஒரு பழைய வீட்டைத் தந்திருந்தது. அண்ணையைச் சேர்க்காமல் ஏழு பேர், எல்லாரும் யாழ்ப்பாணத்துப் பெடியள், ஒருத்தனுக்கும் கலியாணம் ஆகவில்லை. அண்ணைக்கு நாற்பது நெருங்கிக்கொண்டிருந்தது. மனைவி கொழும்பில் ஒரு லொட்ஜில் விசாவுக்காகக் காத்துக்கொண்டிருந்தார். வீட்டில் வேலைக்குப் போனது அண்ணையும் நானும் மட்டும்தான். கடலோரத்தில் இருந்த ஒரு மீன் ஆலை. இரண்டு பேருக்கும் தற்காலிக வேலை.

அண்ணைக்கு அந்த வேலை நிரந்தரமாக வேண்டும். அதைப் பற்றிக் கதைக்காத நாள் கிடையாது.

"வேலை நிரந்தரமெண்டால்தான் தனியாய் பிளட் வீடு தருவாங்களடா. பிளட் இல்லாமல் அவளை எங்கை கொண்டுவந்து வைக்கிறது? காலமை கக்கூசுக்கு உங்களோட வரிசையில விடச் சொல்லுறியோ?"

வரிசையின் நீளம் எங்களுக்குத் தெரியும்.

ஆலையில் வெட்டிய மீனில் ஒரு துண்டு கூட ஊருக்குள் போகாது, எல்லாம் ஏற்றுமதி. தொஸ்க் என்று ஒரு பெரிய மீன். அதைச் சீவி, பெட்டியில் அடுக்கி, ஐஸ் போட்டு, லொறியில் ஏற்றுவோம். அது நாடு நாடாகப் போகும். வேலைக்குச் சேர்ந்த ஒரு மாதத்துக்குள் அண்ணை உலக வர்த்தகத்தைக் கரைத்துக் குடித்துவிட்டார்.

"ஜேர்மன்காரனுக்கு முள் இருக்கப்படாது. இங்கிலீசுக்காரனுக்குத் தோல் இருக்கப்படாது. அமெரிக்காக்காரனுக்கு அது மீன் மாதிரியே இருக்கப்படாது, சவுக்காரக் கட்டி மாதிரி இருக்கோணும். டெனிஷ்காரன் எல்லாத்தையும் வித்துப்போட்டு வீட்டை போய்ப் பண்டியிறைச்சி தின்னுறான். தலை வேணுமெண்டு ஓடர் குடுக்கிறதுக்கு மட்டும் உலகத்தில ஒரு நாடு இல்லை பார்."

"ஏனண்ணை?"

"தலையின்ர அருமை தெரிஞ்ச எங்களுக்கு நாடு இல்லையே, அதுதான்."

தலைகள் எல்லாம் ஒரு பெரிய தொட்டிக்குள் விழும். பின்னேரம் மிங்க் பண்ணை லொறி வந்து அள்ளிக்கொண்டு போகும். முதல் நாள் அதைப் பார்த்த அண்ணை செத்த வீட்டில் நிற்கிற ஆள் மாதிரி நின்றார். ஒவ்வொரு தலையும் தேங்காய் அளவு. கன்னத்தில் மட்டும் ஒரு ஆளுக்குக் காணும் சதை. இரண்டாம் நாளும் பொறுத்தார். மூன்றாம் நாள் எங்களை மேய்க்கிற போர்மனிடம் போய் நின்றுவிட்டார்.

போர்மனின் பெயர் ஹென்னிங். நல்ல உயரம், சிவந்த முகம், நேர்மையான மனிதர். எல்லாரும் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அண்ணைக்கு அது வாயில் வராது. "ஹென்னிங் சேர்" என்றுதான் கூப்பிடுவார். சேர், ஒரு வாளி தலை தருவீங்களோ என்று தனக்குத் தெரிந்த டெனிஷில் கேட்டார்.

"தரலாம். எதற்கு?" என்றார் ஹென்னிங்.

தின்ன என்று ஒரு சொல் சொன்னால் போதும். நான் பக்கத்தில்தான் நின்றேன். அண்ணை தொட்டியைப் பார்த்தார், ஹென்னிங்கைப் பார்த்தார், பிறகு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்:

"மிங்க். வீட்டில் வளர்க்கிறேன்."

எனக்குக் கையில் இருந்த பெட்டி நழுவிவிட்டது. வெளியே வந்ததும் கேட்டேன்.

"என்னண்ணை இது விசர்க்கதை? சாப்பிட எண்டு சொல்லியிருக்கலாமே!"

"எடேய், அவன் மிருகத்துக்குப் போடுறதை நாங்கள் தின்னுறம் எண்டு சொல்லச் சொல்லுறியோ? நாளைக்கு எங்களை ஆளாய் மதிப்பானோ?"

"எத்தனை மிங்க் எண்டு கேட்டால் என்ன சொல்லுவியள்?"

"ஏழெண்டு சொல்லுவன். உங்களைத்தான் எண்ணுவன்."

அன்றிலிருந்து கிழமைக்கு ஒரு வாளி. ஞாயிற்றுக்கிழமைகளில் புளி விட்டு, தூள் போட்டு அண்ணை வைக்கிற தலைக்கறிக்கு ஹேர்னிங் நகரத்தில் இருந்தும் கார் போட்டுக்கொண்டு ஆள் வரும். அந்த நாட்களில் ஊரில் இருந்து நல்ல செய்தி என்று ஒன்று வந்ததே இல்லை. ஆனால் ஞாயிறு மத்தியானம் மட்டும் எங்கள் வீட்டில் யாரும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு இருந்ததில்லை. ஆலையிலோ ஹென்னிங் ஒவ்வொரு திங்களும் அக்கறையாக விசாரிப்பார்.

"எப்படி இருக்கின்றன?"

"நல்லாச் சாப்பிடுகின்றன."

"எப்போது தோலுரிக்கப் போகிறாய்?"

அண்ணை திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். "தோலுரிக்கிற எண்ணம் இல்லை, சேர். சும்மா வளர்க்கிறேன்."

இவ்வளவு இரக்கமுள்ள மனிதனைத் தான் கண்டதில்லை என்று ஹென்னிங் ஆலை முழுவதும் சொல்லித் திரிந்தார். அண்ணைக்கு மிங்க் என்று பெயர் வந்தது அப்போதுதான்.

பொய் அந்த அளவோடு நின்றிருந்தால் பிழைத்திருப்போம். ஒக்டோபர் மாதம் எங்கள் வீட்டுக்குப் புதிதாக இரண்டு பெடியள் வந்து சேர்ந்தார்கள். ஒரு வாளி தலை போதவில்லை. அண்ணை இரண்டாவது வாளியோடு போய் நின்றார்.

"கூடிவிட்டன, சேர். இன்னும் இரண்டு."

ஹென்னிங்கின் வாய் திறந்தபடி நின்றது. மிங்க் வருஷத்தில் ஒரு முறைதான், அதுவும் வசந்த காலத்தில்தான் குட்டி போடும் என்பது அண்ணைக்கு எப்படித் தெரியும்? ஹென்னிங்குக்குத் தெரியும். அவருடைய மாமனார் பெரிய மிங்க் பண்ணைக்காரர்.

"ஒக்டோபரில் குட்டியா! இதை நான் என் கண்ணால் பார்க்க வேண்டும். ஞாயிறு இரண்டு மணிக்கு வருகிறேன்."

அண்ணையின் முகத்தில் ரத்தம் இல்லை. காரணம் இருந்தது. சில கிழமைகளுக்கு முன்புதான் ஒரு டெனிஷ் தொழிலாளி பொய் சொல்லிப் பிடிபட்டு வேலையை இழந்திருந்தான். பழைய மீனைப் புது மீன் என்று பெட்டியில் அடுக்கிவிட்டான். "எங்களை நம்பித்தான் வெளிநாட்டுக்காரன் பார்க்காமலே வாங்குகிறான். பொய் சொல்கிறவனுக்கு இங்கே இடமில்லை" என்று ஹென்னிங் எல்லாரையும் கூட்டி வைத்துச் சொன்னார்.

வீட்டில் அவசரக் கூட்டம் நடந்தது. எங்காவது பண்ணையில் இரண்டு மிங்க் இரவல் கேட்போம் என்றான் ஒருத்தன். எல்லாம் செத்துப்போச்சு என்று அழுவோம் என்றான் இன்னொருத்தன். கடைசியில், கூட்டை உடைத்துக்கொண்டு ஓடிவிட்டன என்று சொல்வதாக முடிவாயிற்று. அதற்குரிய டெனிஷ் வசனத்தை நான் சொல்லிக்கொடுக்க, அண்ணை மந்திரம் மாதிரிப் பாடமாக்கினார். ஞாயிறு சமையல் வழமைபோல நடக்கட்டும், ஆனால் ஒரு மணிக்கே சாப்பிட்டுக் கழுவித் துடைத்துவிட வேண்டும் என்று கட்டளை போட்டார்.

அந்த வீட்டில் ஒரு நாளாவது ஒரு மணிக்குச் சாப்பிட்டிருக்கிறோமா? ஒருத்தன் குளித்து வரவில்லை. இன்னொருத்தன் சோறு குழைந்துவிட்டது என்று திரும்ப வைத்தான். கறி வற்றட்டும் என்று அண்ணையே இன்னும் கொஞ்ச நேரம் அடுப்பில் விட்டார். ஒருவழியாக நிலத்தில் பேப்பர் விரித்து உட்கார்ந்து, ஆளுக்கொரு தலையைக் கையில் எடுத்தோம். அப்போது வாசல் மணி அடித்தது. டெனிஷ்காரன் இரண்டு மணி என்றால் அது இரண்டு மணிதான்.

அண்ணை கதவைத் திறந்தார். ஹென்னிங் ஞாயிற்றுக்கிழமைச் சட்டையோடு நின்றார். கக்கத்தில் மிங்க் படுக்க ஒரு கட்டு வைக்கோல். கையில் கடி படாமல் தூக்குவதற்குத் தோல் கையுறை.

"எங்கே அவை?"

அண்ணை வாயைத் திறந்தார். பாடமாக்கிய வசனம் வரவில்லை. கடைசியில் அறைக்குள் கையைக் காட்டி, அந்த நேரம் நாக்கில் வந்த டெனிஷைச் சொன்னார்:

"சாப்பிடுகின்றன."

ஹென்னிங் எட்டிப் பார்த்தார். நிலத்தில் ஒன்பது பேர். பதினெட்டுக் கையிலும் மீன் தலை. நான் தாடை எலும்பைப் பல்லால் இழுத்துக்கொண்டிருந்தேன், விடவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. புதிதாக வந்தவர்களில் ஒருத்தன் மரியாதைக்கு எழுந்து நின்று, குழம்பு ஒழுகுகிற கையால் வணக்கம் சொன்னான். ஹென்னிங் எங்களை ஒவ்வொருத்தராகப் பார்த்தார். வைக்கோலையும் தூக்கிக்கொண்டு திரும்பிப் போய்விட்டார்.

"போச்சு," என்று அண்ணை வாசற்படியிலேயே உட்கார்ந்தார். "வேலையும் போச்சு, பிளட்டும் போச்சு. அவளுக்கு நான் என்னெண்டு சொல்லுவன்?"

அன்றைக்குத்தான் எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கறி மிஞ்சியது.

திங்கட்கிழமை போனதும் போகாததுமாக அண்ணையை ஹென்னிங் தன் அறைக்குக் கூப்பிட்டார். மொழிபெயர்க்க நானும் போனேன்.

"ஏன் பொய் சொன்னாய்?"

அண்ணை தலையைக் குனிந்துகொண்டு தமிழிலேயே சொன்னார். "வெக்கமாய்க் கிடந்தது, சேர். உங்கட நாட்டில மிருகத்துக்குப் போடுறது எங்களுக்கு விருந்து. அதைச் சொன்னால் எங்களைக் கீழாய் நினைப்பியளெண்டு பயந்திட்டன். மீனில நான் ஒரு நாளும் களவு செய்யேல்லை. மனிசி வரோணும், சேர். வேலையை மட்டும் எடுத்துப்போடாதேங்கோ."

நான் சொல்லி முடித்தேன். ஹென்னிங் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"என் அப்பா மீன்பிடிக்காரர்," என்றார் மெதுவாக. "நல்ல மீனெல்லாம் விற்பனைக்கு. எங்களுக்குத் தலைதான், அவித்துத் தருவார் அம்மா. பள்ளிக்கூடத்தில் நேற்று என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால், நான் இறைச்சி என்று சொல்வேன்."

அதை நான் பாதிதான் தமிழில் சொன்னேன். அண்ணை விளங்கிக்கொண்டார்.

பிறகு ஹென்னிங் மேசையில் ஓங்கி ஒரு அடி அடித்தார். தொட்டியில் விழுந்ததை மனிதர் தின்னக் கூடாது, இனிமேல் கழுவிய தலைகளைச் சுத்தமான பெட்டியில் ஐஸ் போட்டுத் தனியாக எடுத்து வைக்க வேண்டும் என்றார். இன்னொரு பொய் சொன்னால் அன்றைக்கே வீட்டுக்கு. ஒக்டோபர்க் குட்டி என்று மாமனாரிடம் போய்ச் சொல்லித் தான் பட்ட வெட்கத்துக்கு மன்னிப்பே கிடையாது. இப்போது போய் வேலையைப் பார்.

வெளியே வந்ததும் அண்ணை மூக்கைத் துடைத்தார். "இவ்வளவு நாளும் தெரியாமல் போச்சே. இந்த மனிசனும் எங்கட ஆள்தானடா!"

பனி உருகுகிற காலத்தில் வேலை நிரந்தரமானது. பிளட்டும் கிடைத்தது. அண்ணையின் மனைவி எங்களுக்கு அக்கா. அக்கா வருகிற நாளில் நாங்கள் எல்லாரும் ஸ்டேஷனுக்குப் போனோம். அண்ணை கையை முகர்ந்து பார்ப்பதும், கொலோன் தெளிப்பதும், திரும்ப முகர்வதுமாக நின்றார்.

"மணக்குதோ பாரடா. வடிவாய்ச் சொல்லு, மீன் மணக்குதோ?"

"மணந்தால் என்னண்ணை?"

"அவ சைவமடா. சுத்த சைவம்."

எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அப்ப ஊரில தலைக்கறி ஆர் வைச்சது?"

"ஆர் வைச்சது? பக்கத்து வீட்டு மீன்கறி மணத்தோட நான் சோறு தின்ட வருசம் எத்தனை தெரியுமோ? அதுதானேடா அந்த ஆசை!"

ரயில் வந்தது. சேலைக்கு மேலே பெரிய கோட்டும், குளிரில் சிவந்த கண்ணுமாக அக்கா இறங்கினார். அண்ணை ஓடிப் போனார், கிட்டப் போனதும் நின்றுவிட்டார். அக்கா முகத்தைச் சுளித்து, ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். மற்றக் கையால் அண்ணையின் கையை எட்டிப் பிடித்தார். பிளட் வாசல் வரும் வரைக்கும் அதை விடவே இல்லை. பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்த எங்களுக்கு, சொந்த வீட்டுக் கலியாணத்தில் மாப்பிள்ளை பொம்பிளைக்குப் பின்னால் நடப்பது போலத்தான் இருந்தது.